ஐஸ் கொம்பனியும் கச்சான் காற்றும்

இப்போது நான் வேலை செய்யும் தொழிற்சாலை கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. எங்கே எது கசிந்தாலும் திரையில் சிவப்புப் புள்ளி வரும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் அந்தத் திரையே சொல்லும். நான் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. ஆனால் காலையில் வேலைக்குள் நுழையும்போது இன்றைக்கும் என் தலை தானாக மேலே நிமிர்ந்து கூரையைப் பார்க்கிறது. அந்தப் பழக்கம் மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து வந்தது.

என் முதல் வேலை அங்கே ஒரு ஐஸ் தொழிற்சாலையில். சனம் அதை ஐஸ் கொம்பனி என்று சொல்லும். களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். பதவியின் பெயர் பாதுகாப்பு அலுவலர். அந்தப் பதவி அங்கே அதற்கு முன்னர் இருந்ததில்லை. அதனால் எனக்கு மேசையும் இருக்கவில்லை. பழைய ஐஸ் அச்சு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் பலகை போட்டுத் தந்தார்கள். மழைக்காலத்தில் காலை வைக்க முடியாத அளவுக்கு அது குளிரும்.

அந்த இடத்தின் சத்தங்கள் எனக்கு நல்ல ஞாபகம். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து அச்சுகளைத் தூக்கிச் சாய்த்ததும் ஐஸ் கட்டிகள் மரச்சறுக்கில் இறங்கி வரும். ஒன்றோடொன்று மோதும் சத்தம் பெரிய கண்ணாடிக் குண்டுகளை உருட்டியதுபோல் இருக்கும். பிறகு அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். வாசலில் மீன் விற்கும் மோட்டார் சைக்கிள்காரர்கள் றெஜிபோம் என்னும் வெள்ளை நுரைப் பெட்டிகளோடு வரிசையில் நின்று ஒருவரையொருவர் நக்கலடிப்பார்கள். வெயில் ஏறும்போது ஐஸ் புகை தரையோடு தவழ்ந்து அவர்களுடைய செருப்புகளை மறைக்கும். வேறெந்த வேலையிடமும் என் மனதில் இவ்வளவு ஒட்டவில்லை.

ஐஸ் ஆக்குவது அம்மோனியா. குழாய்களுக்குள் இருக்கும்வரை அது நல்ல வேலைக்காரன். வெளியே வந்தால் தண்ணீரைத் தேடும். மனித உடம்பில் ஈரமான இடங்கள் கண், மூக்கு, தொண்டை, நெஞ்சு. அது போவது அங்கேதான்.

எங்கள் கட்டடம் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில், வாவியோரமாக இருந்தது. கிழக்கே பிரதான வீதி, வீதிக்கு இரண்டு பக்கமும் வீடுகள், அதற்கும் அப்பால் தென்னந்தோப்பு, பிறகு கடல். வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய நிலம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் காலையில் மேற்கிலிருந்து காற்று வரும். அப்போது ஏதாவது கசிந்தால் வீடுகளுக்கு மேலால் போகும். பின்னேரம் கடற்காற்று எழும்பும். அப்போது வாவிக்கு மேலால், தோணியில் வலை போடுகிறவர்களிடம் போகும். ஆகவே நான் முதலில் செய்தது, பழைய செம்மஞ்சள் சீலை ஒன்றை வெட்டிக் திசை காட்டும் காற்றுப்பை தைத்துக் கூரையில் கட்டியது. முகாமையாளர் அதைப் பார்த்து, "மிஸ், கோயில் கொடி ஏத்தியிருக்கீங்க போல" என்றார்.

அங்கே எனக்கு நெருக்கமானவர் இயந்திர அறையைப் பார்த்துக்கொண்ட அண்ணன். கொக்கட்டிச்சோலைப் பக்கம் அவருடைய வீடு. வாவியைக் கடந்து 'பாதை'யில் வருவார். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம். இயந்திர இரைச்சலுக்குள் பேச முடியாது என்பதால் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்துச் சாப்பாட்டு நேரத்தில் பேசுவார். வேலைக்குப் போடும் சட்டையை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். அம்மோனியா மணத்தோடு போனால் அவருடைய சின்ன மகள் கிட்ட வர மாட்டாளாம்.

தொழிற்சாலையின் அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க அவசரகாலத் திட்டமும் ஊர்ச் சனத்தோடு ஒரு ஒத்திகையும் வேண்டும் என்று நிபந்தனை வந்தது. திட்டத்தை நான் எழுதினேன். ஒத்திகை என்றதும் முகாமையாளருக்கு முகம் சுருங்கியது.

"பேப்பரில இருந்தாக் காணாதா மிஸ்? சனத்தை ஏன் வீணாப் பயப்படுத்துவான்?"

"பேப்பரை எடுத்து மூக்கைப் பொத்த ஏலாதே சேர்," என்றேன்.

அவர் சிரித்தார். சைரன் ஒன்று வாங்க ஒப்புக்கொண்டார். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தோம். இன்ன நாள் காலையில் சைரன் ஊதும், அது பயிற்சி மட்டும், கேட்டதும் வீதியால் வடக்கே நடந்து கோயிலடிக்கு வாருங்கள் என்று அதில் இருந்தது. எல்லோரும் மரியாதையாக வாங்கிப் படித்தார்கள். வீதி வளைவில் மீன் விற்கும் அக்கா என்னை நிற்பாட்டி இரண்டு தரம் விளக்கம் கேட்டார். தினமும் முதல் ஐஸ் வாங்குபவர் அவர். அவருடைய குரல் வீதியின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்குக் கேட்கும். சூரை மீன் வந்தது என்று அவர் சொன்னால் ஊருக்கே தெரியும்.

"கோயிலடிக்குத்தானே தங்கச்சி? வாறம், வாறம்," என்றார்.

அன்று காலை நான் வாசலுக்குள் நின்றேன். அண்ணன் சைரனைப் போட்டார். அது மெல்லத் தொடங்கி மேலேறியது.

சனம் வெளியே வந்தது. ஆனால் யாரும் வடக்கே திரும்பவில்லை. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கிழவிகளைக் கையில் இழுத்துக்கொண்டு, எல்லோரும் நேரே மேற்கே, எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். செருப்புகள் வீதியில் கிடந்தன. மீன்கார அக்கா முதலில் வந்து சேர்ந்தார். கொண்டை அவிழ்ந்திருந்தது. ஒரு கையில் மாமியார், மறு கையால் கேற்றின் கம்பியைப் பிடித்து உலுக்கினார்.

"கதவத் திறங்க. கெதியாத் திறங்க."

காவலாளி திறந்துவிட்டார். அவரும் யோசிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் சைரன் என்றால் ஒரே ஒரு அர்த்தம்தான். கடல் வருகிறது, வாவிப் பக்கம் ஓடு. சுனாமி நாளில் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. நாங்களும் அப்படித்தான் ஓடினோம். அன்று காலை சைரன் உச்சத்துக்குப் போனபோது, திட்டத்தை எழுதிய என்னுடைய காலும் வாவிப் பக்கம் ஓரடி நகர்ந்ததை நான் உணர்ந்தேன்.

அண்ணன் சைரனை நிற்பாட்டினார். முற்றம் நிறையச் சனம். ஐஸ் சறுக்குக்குக் கீழே ஈரத்தில் அக்காவின் மாமியார் குந்தியிருந்து அழுதார். உண்மையாக அம்மோனியா கசிந்திருந்தால் முழு ஊரையும் அதன் வாய்க்குள் நாங்களே கூப்பிட்டிருப்போம்.

அக்கா கொண்டையை முடிந்தபடி என்னிடம் வந்தார். அவருடைய மூத்த மகனைக் கடல் கொண்டுபோனது என்பது வீதிக்கே தெரியும். எனக்கும் தெரியும். நான் நோட்டீஸ் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நோட்டீஸ வாசிச்சது கண் தங்கச்சி," என்றார். "ஓடினது கால்."

மாமியாரைத் தூக்கி அணைத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் ஐஸ் வாங்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வேறு ஊரிலிருந்து வரும் லொறியில் வாங்குகிறாராம் என்று மோட்டார் சைக்கிள்காரர்கள் சொன்னார்கள்.

முகாமையாளர் இனி ஒத்திகைப் பேச்சே வேண்டாம் என்றார். எனக்கு அப்படி விட முடியவில்லை. ஒத்திகை பிழைத்ததால்தானே இது தெரியவந்தது. சைரன் இன்னும் சுவரில் இருக்கிறது. நாளைக்கு உண்மையாகவே யாராவது அதைப் போட்டால்?

அடுத்த லீவு நாளில் அண்ணன் தன்பாட்டில் பாதையேறி வந்து என்னோடு வீடு வீடாக நடந்தார். நான் சொன்னதைவிட அவர் சொன்னதைச் சனம் கவனமாகக் கேட்டது. உள்ளே குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் அல்லவா. ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பிறகு கோயில் வீதியில் கூடுவது என்று முடிவானது.

அன்று சனம் மணலில் உட்கார்ந்தது. சைரன் வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். பிறகு என்ன என்று தொடங்கியது. கோயில் மணி என்றார் ஒருவர். பூசையென்று நினைத்துக் குளித்துவிட்டு வருவார்கள் என்றார் இன்னொருவர். வெடி போடலாம் என்றார் ஒரு இளைஞர். வயதானவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் பேச்சை நிறுத்தினார். யுத்த காலத்தை அந்த வீதி மறக்கவில்லை. மேளம் என்று ஒரு பேச்சு வந்தது. செத்த வீடு என்று நினைப்பார்கள்.

மீன்கார அக்கா கூட்டத்தோடு உட்காராமல் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்.

"சத்தம் எண்டா எல்லாச் சத்தமும் பயம்தான். ஆள் பறைஞ்சாத்தான் வெளங்கும். என்ன நடக்குது, எங்க போற எண்டு வாயால சொல்லணும்."

மணலில் இருந்தவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அப்ப நீங்களே பறையுங்களன். உங்கட குரலுக்கு ஸ்பீக்கரும் தேவைப்படாது."

அந்த ஒத்திகைக்குப் பிறகு அந்தச் சனம் என் முன்னால் சிரித்தது அப்போதுதான். அக்கா சிரிக்கவில்லை. பதில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டார். சில நாள் கழித்து ஒரு காலையில் றெஜிபோம் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். ஐஸ் நிரப்பியதும் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என் பலகை மேசைக்கு வந்தார்.

"சொல்லுங்க, என்ன சொல்லணும்?"

அவருடைய குரலைப் பதிவு செய்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். ஒலிவாங்கியைக் கண்டதும் அக்காவின் குரல் சுருங்கி, வானொலியில் செய்தி வாசிக்கிறவரைப் போல் சுத்தத் தமிழுக்குப் போய்விட்டது. திரும்பத் திரும்பப் பதிந்தோம். கடைசியில் முகாமையாளரே எழுந்து வந்து, "அக்கா, கம்பனிய மறந்துபோங்க. சூரை வந்திரிக்கு எண்டு நினைச்சுக் கத்துங்க," என்றார். அக்கா கத்தினார். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஐஸ் கொம்பனியில காஸ் கசியுது. ஆத்துப் பக்கம் வராதீங்க. கடலுக்கும் போகாதீங்க. ஈரச் சீலையால மூக்கப் பொத்திக்கிட்டுக் கோயிலடிக்கு நடங்க."

ஆறு என்று சொன்னது வாவியைத்தான். அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். இன்னொரு பதிவில் கோயிலடிக்குப் பதில் தெற்கே இருக்கும் பள்ளிக்கூடத்தடி. காற்று வடக்கே சாய்ந்தால் தெற்கே, தெற்கே சாய்ந்தால் வடக்கே. கூரையிலுள்ள சீலைப் பையைப் பார்த்து எது பொருத்தமோ அதைப் போட வேண்டும். மின்சாரம் போனாலும் வேலை செய்யப் பற்றறியோடு ஒலிபெருக்கிகளைப் பொருத்தினோம். சைரனைக் கழற்றி அலுமாரியில் வைத்தோம்.

பிறகு வந்த ஒத்திகைகள் அமைதியாக நடந்தன. சனம் கதைத்துக்கொண்டே நடந்து வந்து, கோயிலடியில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். மோட்டார் சைக்கிள்காரர்கள் அக்காவின் குரலில் "ஐஸ் கொம்பனியில காஸ் கசியுது" என்று சொல்லிக்கொண்டே அவருடைய கடையைத் தாண்டுவார்கள். அவர் மீன் செதிலை அள்ளி எறிவார். இயந்திர அறைக்குள்ளும் சில மாற்றங்கள் செய்தோம். வாசலுக்கு வெளியே கண் கழுவுவதற்கென்று எப்போதும் நிரம்பிய ஒரு தண்ணீர்த் தொட்டி. ஆபத்தான வேலைக்கு ஒரு ஆள் தனியாகப் போகக் கூடாது, முகமூடி இல்லாமலும் போகக் கூடாது என்ற ஒழுங்கு.

கசிவு வந்தது அடுத்த கச்சான் காலத்தில், ஒரு முற்பகலில்.

இயந்திரத்திலிருந்து அம்மோனியாவோடு கலந்து வரும் எண்ணெய், அம்மோனியா நிற்கும் தாங்கியின் அடியில் தேங்கும். அதை இடைக்கிடை வடிக்க வேண்டும். அண்ணனும் உதவியாளரும் முகமூடி போட்டு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணெய் வடிந்து முடிந்ததும் அண்ணன் வால்வை மூடினார். மூடுப்படவில்லை. துருத்துண்டு ஒன்று இடையில் சிக்கியிருந்தது. எண்ணெய்க்குப் பின்னால் அம்மோனியா சீறிக்கொண்டு வந்தது.

நான் முன்பக்கத்தில் இருந்தேன். கதவிடுக்கால் வெள்ளைப் புகை வருவதைக் கண்டேன். மூக்கில் ஊசி குத்தியதுபோல் இருந்தது. வெளியே ஓடிக் கூரையைப் பார்த்தேன். காற்றுப்பையின் வால் கடலைப் பார்த்து, கொஞ்சம் வடக்கே சாய்ந்து நின்றது. பள்ளிக்கூடம். அந்தப் பதிவின் பொத்தானை அழுத்தினேன். பிறகு அக்காவின் குரல் வீதி முழுவதும் எழும்பியது.

சனம் வந்தது. ஈரத் துவாயும் சீலைத் தலைப்பும் மூக்கில். வீதிக்கு ஏறி, தெற்கே திரும்பி நடந்தார்கள். சிலர் ஓடினார்கள், ஆனால் தெற்கே ஓடினார்கள். எங்கள் கேற்றை நோக்கி ஒருவரும் வரவில்லை. அதைக் கண்டபோது என் கண் கலங்கியது. அம்மோனியாவாலும் இருக்கலாம்.

உள்ளே அண்ணன் மேலுள்ள அடுத்த வால்வை மூடுவதற்கு எட்டியபோது குழாய் ஒன்று தட்டி முகமூடி விலகிவிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையால் தடவியே வால்வைக் கண்டுபிடித்து, சீறல் நிற்கும்வரை சுற்றினார். உதவியாளர் அவரை வெளியே இழுத்து வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தினார். நாங்கள் வாளியால் அள்ளி அள்ளி ஊற்றினோம். மற்றத் தொழிலாளர்கள் கதவுக்கு முன்னால் குழாயால் தண்ணீர்த் திரை அடித்துப் புகையை அடக்கினார்கள். அம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் கண் திறக்கவில்லை. "மூடிட்டன் மிஸ். மூடிட்டன்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பள்ளிக்கூடத்தடிக்குப் போனபோது சனம் மரநிழலில் உட்கார்ந்திருந்தது. ஒரு குடும்பம் மட்டும் புகைக்கு விலகிப் போகிறோம் என்று தென்னந்தோப்புக்குள் ஓடி, அங்கே மணத்தில் அகப்பட்டு இருமிக்கொண்டிருந்தது. அவர்களையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பின்னேரமே திரும்பிவிட்டார்கள். வேறு யாருக்கும் எதுவுமில்லை.

அக்கா என்னைக் கண்டதும் அருகில் கூப்பிட்டார்.

"யாரோ ஒரு பொம்புள வீதியில நிண்டு கத்துறா, என்னத்துக்கு இந்தக் கத்துக் கத்துறா எண்டு பாத்தன். மறுகாத்தான் வெளங்கிச்சு, நான்தான்."

அவசரத்தில் மீன் பெட்டியிலிருந்த ஐஸ் தண்ணீரில் துவாயை நனைத்து மாமியாரின் மூக்கைப் பொத்தியிருக்கிறார். காஸ் நாற்றத்தைச் சகிக்கலாம், இவளுடைய மீன் நாற்றத்தைத்தான் சகிக்க முடியவில்லை என்று மாமியார் எல்லோரிடமும் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

வால்வுகளை மாற்றிச் சோதித்து முடிக்கும்வரை தொழிற்சாலையை மூடினோம். ஊரில் ஐஸ் இல்லை. பிடித்த மீன் தங்காது. அக்கா தன் பங்கையெல்லாம் கீறி உப்பிட்டு முற்றத்தில் காயவைத்தார். அந்த வாரம் வீதி முழுவதும் கருவாட்டு மணம். ஒரு நாள் அதில் ஒரு பொதி கட்டிக்கொண்டு, "அந்த அண்ணனப் பாக்கப் போவம், வாங்க," என்று என்னிடம் வந்தார்.

பாதையேறி மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனோம். வயல் வட்டையில் நெல் கதிர் தள்ளியிருந்தது. அண்ணன் வீட்டு வாசலில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு கண் தெளிந்துவிட்டது. மற்றதில் கொஞ்சம் மங்கல் இருக்கிறது, மாறும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அவருடைய மகள் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தாள். அவருடைய மனைவி சிவப்பரிசிச் சோறும் பூசணிக்காய்க் கறியும் ஆக்கி, அக்கா கொண்டுபோன கருவாட்டையும் பொரித்து வைத்தார். எருமைத் தயிர் சட்டியோடு வந்தது.

"புது வால்வு எப்பிடி மிஸ்?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"கைய விட்டா ஸ்பிரிங்கில தானா மூடுப்படும் அண்ணன். அதுக்கு மேல இன்னொண்டும் இருக்கு," என்றேன். அவர் தலையாட்டினார்.

அக்கா சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "அதுக்குள்ள நிக்கப் பயமா இருக்கல்லியா உங்களுக்கு?"

"பயம்தான்," என்றார் அண்ணன். "ஆனா நீங்க கத்தினது உள்ளயும் கேட்டிச்சு. சனம் போகுது எண்டு வெளங்கிட்டா மறுகாக் கை பதறாது."

அக்கா தயிரை அண்ணனுடைய கோப்பைப் பக்கம் தள்ளி வைத்தார்.

அண்ணன் கொஞ்ச நாளில் வேலைக்கு வந்தார். கண் மங்கல் முழுவதும் போகவில்லை. இயந்திர அறையிலிருந்து ஐஸ் தொட்டிப் பக்கம் மாறிக்கொண்டார். நான் அதற்குப் பிறகும் சில வருடங்கள் அங்கேயே இருந்தேன். நல்ல சம்பளத்துக்குக் கொழும்புப் பக்கத்திலிருந்து கூப்பிட்டபோது புறப்பட்டேன். இங்கே எனக்குக் கீழே ஒரு குழுவே வேலை செய்கிறது. ஆனால் ஒரு கேற்றுக்கு வெளியே இருக்கிற எல்லோருடைய முகத்தையும் குரலையும் அறிந்து நான் வேலை செய்தது அங்கே மட்டும்தான்.

அண்ணன் வீட்டிலிருந்து அன்று திரும்பி வரும்போது பாதையில் கூட்டம் இல்லை. அக்கா தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பியில் சாய்ந்திருந்தார். காற்று முகத்தில் அடித்தது.

"அடுத்த ஒத்திகை எப்ப தங்கச்சி?"

"மழைக்காலம் தொடங்க முதல் அக்கா. பள்ளிக்கூட நாளில வைப்பம், புள்ளைகள் கூடியிருப்பாங்க."

"வேணாம். சனிக்கிழமை வைங்க. பள்ளிக்கூடத்தில எண்டா டீச்சர்மார் பாத்துக்குவாங்க. வீட்ட நிக்கக்குள்ளதான் புள்ளைகள் எங்க ஓடுவாங்க எண்டு தெரியாது."

சனிக்கிழமையே வைத்தோம். காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. தள்ளிப் போடுவோமா என்று முகாமையாளர் கேட்டார். கசிவு மழை பார்த்து வருமா என்று நான் கேட்டேன். அக்காவின் குரல் ஒலித்ததும் வீடுகளிலிருந்து ஒவ்வொன்றாகக் குடைகள் வெளியே வந்தன. பிள்ளைகள் வெள்ளத்தை உதைத்துக்கொண்டு முன்னால் போனார்கள். மூக்கை நனைந்த சீலையால் பொத்த வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. அன்றைக்கு ஈரமில்லாத துணி ஒருவரிடமும் இருக்கவில்லை.